விறகு சுமந்த சிறுவனும் வரம்பு கட்டிய உழவரும்

முதுகிலே விறகுக் கட்டு, கையிலே விரித்த புத்தகம், கால்களோ மலைப்பாதையில். யப்பான் நாட்டுப் பாடசாலை முற்றங்களில் ஒரு காலத்தில் இப்படியொரு சிறுவனின் சிலை பரவலாக நின்றது. இன்றும் பழைய பாடசாலைகள் சிலவற்றில் அது நிற்கிறது. அந்தச் சிறுவனின் பெயர் நினோமியா கின்ஜிரோ. பிற்காலத்தில் அவர் நினோமியா சொன்டோகு என்ற பெயரால் புகழ் பெற்றார்.

அந்தச் சிலையின் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சிறுவர் நூலில். வறுமையிலும் அவன் படித்தான், நீங்களும் அப்படிப் படியுங்கள் என்பதே படத்தின் கீழிருந்த பாடம். உண்மையைச் சொன்னால், அந்தச் சிறுவனை எனக்கு அப்போது பிடிக்கவில்லை. ஓர் ஏழைப் பிள்ளை விறகு சுமப்பதை எல்லோரும் ஏன் இவ்வளவு மகிழ்ச்சியோடு பாராட்டுகிறார்கள்? அவன் தலையில் அந்தச் சுமை எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லையே? இதுதான் என் மனதில் எழுந்த கேள்வி. பின்னர் அவருடைய முழு வாழ்க்கையையும் தேடி வாசித்தேன். அதே கேள்வியைத் தன் ஆயுள் முழுவதும் கேட்டவர் அவரேதான் என்பது அப்போதுதான் விளங்கியது. சிலையில் காணக் கிடைக்காத அந்த மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆறு கொண்டுபோன நிலம்

கின்ஜிரோ 1787ஆம் ஆண்டு கயாமா என்ற கிராமத்தில் ஓர் உழவர் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். இன்றைய கனகாவா மாகாணத்து ஒடவாரா நகரத்துக்குள் அக்கிராமம் அடங்கும். அக்காலத்தில் நாட்டை ஷோகன் எனப்படும் படைத்தலைவர் ஆண்டார். அவருக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரபு இருந்தார். உழவர்கள் வரியை நெல்லாகவும் அரிசியாகவும் அளந்தார்கள். பிரபுவின் செலவு கூடினால் உழவனின் வரியும் கூடும். நிலத்தைக் கைவிட்டு ஓடிப்போன குடும்பங்கள் அந்நாளில் ஏராளம்.

கின்ஜிரோவின் தந்தை வாசிப்பில் விருப்பமுள்ளவர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர். ஊரார் அவரை நல்ல மனிதர் என்றே குறிப்பிட்டார்கள். ஓரளவு வசதியாக இருந்த குடும்பந்தான் அது. ஆனால் 1791ஆம் ஆண்டு சகாவா ஆறு பெருக்கெடுத்து அவர்களின் வயல்களை மூடிவிட்டது. வெள்ளம் வடிந்தபோது நெல் நின்ற இடத்தில் மணலும் கல்லும் கிடந்தன. கின்ஜிரோ அப்போது கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். வயலைத் திருத்தக் கடன் வாங்கிய தந்தை, அந்த உழைப்பிலேயே நோயாளியானார்.

ஆற்றின் அணைக்கரையைப் பழுதுபார்க்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் போகவேண்டும் என்பது ஊர்முறை. தந்தை படுக்கையில் கிடந்ததால் பன்னிரண்டு வயதளவில் மகன் போனான். வளர்ந்தவர்களுக்குச் சமமாகக் கல் சுமக்க அவனால் முடியவில்லை. குறைவாக வேலை செய்துவிட்டு வீடு திரும்புவது அவன் மனதை உறுத்தியது. இரவில் விழித்திருந்து வைக்கோலால் செருப்புகள் பின்னினான். காலையில் அவற்றை அணைக்கரைக்குக் கொண்டுபோய், செருப்புப் பிய்ந்தவர்களுக்குக் கொடுத்தான். அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டியது என்ன என்று கணக்குப் பார்க்கும் அவரது பழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

1800ஆம் ஆண்டு தந்தை இறந்தார். தாய் யோஷியின் கையில் மூன்று ஆண் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பால்குடி மறவாதது. வேறு வழியின்றித் தாய் அந்தக் குழந்தையை உறவினர் வீட்டில் வளர்க்கக் கொடுத்தாள். அன்றிரவு முதல் அவளுக்கு உறக்கமில்லை. பால் கட்டி வலித்தது. அதைவிட மனம் வலித்தது. தாய் அழுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்த கின்ஜிரோ, தம்பியைத் திருப்பி அழைத்து வரும்படி அவளிடம் மன்றாடினான். அந்தக் குழந்தைக்கான சோற்றைத் தான் உழைத்துத் தருவதாக உறுதி சொன்னான். இரவோடிரவாகத் தாய் போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். மறுநாள் முதல் மகன் விடியுமுன் மலைக்குப் போய் விறகு வெட்டி விற்றான். போகும் வழியிலும் வரும் வழியிலும் தந்தை நேசித்த நூல்களை வாய்விட்டு வாசித்தான். சிலையாக நிற்பது இந்தக் காட்சிதான்.

ஆனால் அந்த வீடு நிலைக்கவில்லை. 1802இல் தாயும் இறந்தாள். அதே ஆண்டு மீண்டும் வெள்ளம் வந்து எஞ்சியிருந்த வயலையும் கொண்டுபோனது. தம்பிமார் தாய்வழி உறவினரிடம் போனார்கள். கின்ஜிரோ தந்தையின் தமையனான மன்பெய் வீட்டுக்குப் போனான். எந்தத் தம்பிக்காக விறகு சுமந்தானோ, அவனையும் பிரியவேண்டியதாயிற்று.

ஒரு பிடி விதை

பெரிய தந்தை கொடியவர் அல்லர். சிக்கனமான உழவர். பகல் முழுவதும் வயலில் வேலை செய்துவிட்டு இரவில் விளக்கேற்றி வாசித்த பையனைக் கண்டு அவர் கோபப்பட்டார். உழவனுக்கு வாசிப்பு எதற்கு, எண்ணெய் வீணாகிறது என்பது அவர் எண்ணம். கின்ஜிரோ எதிர்த்துப் பேசவில்லை. நண்பன் ஒருவனிடம் ஒரு பிடி எண்ணெய் விதை இரவல் வாங்கினான். கடுகினத்தைச் சேர்ந்த அந்த விதையை யாரும் பயிரிடாத ஓர் ஓடைக் கரையில் தூவினான். மறு ஆண்டு அது பூத்துக் காய்த்துப் பல மடங்கு விதை தந்தது. கடையில் கொடுத்து விளக்கெண்ணெயாக மாற்றிக்கொண்டான். எண்ணெய் சொந்தமாயிற்று, ஆனால் நேரம் சொந்தமில்லை, இரவிலும் வீட்டு வேலை உண்டு என்றார் பெரிய தந்தை. அதனால் கயிறு திரித்து, செருப்புப் பின்னி முடித்து, வீட்டார் உறங்கிய பின் விளக்கொளி வெளியே தெரியாதபடி துணியால் மறைத்து வாசித்தான்.

இன்னொரு நாள், நடுகை முடிந்த வயலோரத்தில் வேண்டாமென்று எறியப்பட்ட நாற்றுகளைக் கண்டான். அவற்றைப் பொறுக்கி, வெள்ளத்தால் பாழான ஒரு சேற்றுக் குழியைத் திருத்தி நட்டான். அறுவடையில் ஒரு மூடைக்கு மேல் நெல் கிடைத்தது. பாழ்நிலத்தைத் திருத்தினால் சில ஆண்டுகளுக்கு வரியில்லை என்பதையும் அவன் கவனித்துக்கொண்டான். சிறியவற்றைச் சேர்க்காமல் பெரியது உண்டாகாது என்பது அவருடைய பிற்காலப் போதனைகளில் முதன்மையானது. அதை அவர் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை, அந்தக் குழியிலிருந்துதான் எடுத்தார்.

1806இல், இருபது வயதளவில், சிதைந்து கிடந்த தந்தையின் வீட்டுக்குத் திரும்பினார். கூரையைச் சீர்செய்து தனியே குடியிருந்தார். விற்கப்பட்ட நிலத்தைத் துண்டு துண்டாக மீட்டார். நான்கு ஆண்டுகளில் சுமார் மூன்றரை ஏக்கர் அவர் கைக்கு வந்தது. முப்பது வயதைத் தாண்டியபோது அவர் ஊரின் வசதியான உழவர்களில் ஒருவர்.

சிறுவர் நூல்கள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகின்றன. ஏழைப் பிள்ளை உழைத்தான், உயர்ந்தான், முற்றும். அவருடைய பெரிய வேலைகளோ இதற்குப் பிறகுதான் வருகின்றன.

பிரபு வீட்டுச் சமையலறை

ஒடவாரா பிரபுவின் மூத்த அதிகாரிகளில் ஒருவர் ஹட்டோரி என்பவர். அவருடைய பிள்ளைகளுக்குத் துணையாகக் கின்ஜிரோ அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஒரு புதுமை தெரிந்தது. வயலே இல்லாத ஏழைகளைப் போலவே அதிகார வீட்டாரும் கடனில் மூழ்கியிருந்தார்கள். ஏழைக்குக் கடன் வந்தது வெள்ளத்தால். இவர்களுக்குக் கடன் வந்தது வரவை அறியாமல் செலவு செய்ததால்.

1818இல் அந்த வீட்டின் வரவு செலவைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் வேலைக்காரர்களிடம் போகவில்லை, எசமானிடம் போனார். சோறும் சாறும் மட்டுமே உண்பது, பருத்தித் துணி மட்டுமே உடுப்பது, தேவையற்ற எதையும் செய்யாதிருப்பது என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டார். அதன் பிறகே சமையலறைக்குள் நுழைந்தார். பானையின் அடியில் படிந்த கரியைச் சுரண்டிவிட்டால் குறைந்த விறகில் உலை கொதிக்கும் என்று காட்டினார். மிச்சமான விறகை வேலைக்காரர்களிடமிருந்தே விலைக்கு வாங்கிக்கொண்டார். மிச்சம் பிடித்தவருக்கே அதன் பலன் போகவேண்டும் என்பது அவர் நியாயம்.

அந்த வீட்டு ஊழியர்களுக்காக அவர் ஒரு சிறு கடன் சங்கத்தையும் ஏற்படுத்தினார். ஒருவரையொருவர் நம்புவதே அதன் முதலீடு. ஒருவர் திருப்பித் தரத் தவறினால் மற்றவர்கள் பகிர்ந்து கட்டவேண்டும். பிற்காலத்தில் அவர் கிராமங்களுக்கு வழங்கிய கடன்களும் வட்டியில்லாதவை. தவணைகளைக் கட்டி முடித்தவர், அடுத்தவருக்கு உதவட்டும் என்று நன்றியாக ஒரு தொகை கொடுப்பார். அது மீண்டும் இன்னொரு குடும்பத்துக்குக் கடனாகப் போகும். வட்டியில்லாக் கடனின் சிறப்பைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த நமக்கு, வேறொரு சமயத்தவரான ஓர் உழவர், தூரத்து நாடொன்றில், அதைச் செய்து காட்டினார் என்பது மகிழ்ச்சி தருகிறது.

வீட்டை விற்றுப் புறப்பட்ட குடும்பம்

அவருடைய குடும்ப வாழ்க்கையை மறைத்து எழுதினால் அது நேர்மையாகாது. அவர் 1817இல் கினோ என்ற பெண்ணை மணந்தார். கணவர் பெரும்பாலும் ஊரார் வேலையாக வெளியே இருந்தார். பிறந்த ஆண் குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. அதன் பின் கினோ மணவிலக்குப் பெற்றுப் போய்விட்டாள். அவளைக் குறைசொல்லும் நூல்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. வெறும் வீட்டில் குழந்தையை இழந்து தனித்திருந்தவளின் பக்கத்தையும் யாராவது எழுதியிருக்கவேண்டும்.

1820இல் நமி என்பவளை மணந்தார். யப்பானிய வழக்கப்படி எண்ணினால் அவளுக்கு அப்போது பதினாறு வயது. என்னைவிட இளையவள். மறு ஆண்டு மகன் யட்டாரோவும், 1824இல் மகள் ஃபுமியும் பிறந்தார்கள்.

இந்த நேரத்தில் ஒடவாரா பிரபு ஒகுபோ டடசானே அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். பிரபுவின் கிளைக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான சகுராமச்சி என்ற பகுதி அழிந்துகொண்டிருந்தது. அது இன்றைய டோச்சிகி மாகாணத்தில், ஒடவாராவிலிருந்து பல நாள் நடைத் தூரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் 3,000 மூடைக்கு மேல் வரி அளந்த அக்கிராமங்களிலிருந்து இப்போது 1,000 மூடைகூட ஒழுங்காக வருவதில்லை. 400க்கு மேலிருந்த குடும்பங்கள் ஏறத்தாழ 150 ஆகக் குறைந்துவிட்டன. வயல்களில் புதர் மண்டியிருந்தது. அனுப்பப்பட்ட அதிகாரிகள் ஒவ்வொருவராகத் தோற்றுத் திரும்பினார்கள். பிறப்பால் உழவரான ஒருவரை இவ்வேலைக்கு அனுப்புவது அக்காலத்தில் வழக்கமே இல்லை.

கின்ஜிரோ உடனே சம்மதிக்கவில்லை. முதலில் நேரில் போனார். வீடு வீடாக நடந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, பழைய வரிக் கணக்குகளைத் தோண்டி எடுத்தார். பின் தன் நிபந்தனையை வைத்தார். கடந்த ஆண்டுகளின் சராசரியான சுமார் 1,000 மூடையே பத்து ஆண்டுகளுக்குப் பிரபு குடும்பத்தின் வரவு. விளைச்சல் எவ்வளவு கூடினாலும் அதற்கு மேல் ஒரு மணிகூட அவர்கள் கேட்கக்கூடாது. மேலதிகமாக விளைவதெல்லாம் அந்த நிலத்துக்கும் அந்த மக்களுக்குமே திரும்பவேண்டும்.

இந்த எல்லைக்கு யப்பானிய மொழியில் அவர் வைத்த பெயர் புண்டோ. அதற்குத் தமிழில் வரம்பு என்ற சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வரம்பில்லாத வயலில் தண்ணீர் நிற்காது. அவரவர் வரவுக்குள் செலவுக்கு ஒரு வரம்பு கட்டவேண்டும். வரம்புக்குள் மிஞ்சியதில் ஒரு பகுதியை எதிர்காலத்துக்கும், ஒரு பகுதியை அடுத்தவருக்கும் விடவேண்டும். இந்த வரம்பை ஏழை மட்டும் கட்டினால் போதாது, பிரபுவும் கட்டவேண்டும் என்பதில்தான் அவருடைய துணிவு இருக்கிறது.

1823இல் அவர் மீட்டெடுத்த நிலத்தையும் வீட்டையும் வீட்டுப் பொருட்களையும் விற்றார். ஒரு வாழ்நாள் உழைப்பு அது. அந்தப் பணத்தோடு நமியையும் சிறு குழந்தையான யட்டாரோவையும் அழைத்துக்கொண்டு சகுராமச்சிக்குப் புறப்பட்டார். திரும்பி வர வீடிருந்தால் மனம் தளரும்போது கால் திரும்பிவிடும் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். கைக்குழந்தையோடு, அறிமுகமற்ற அந்த ஊருக்குக் கூடவே நடந்த நமியை எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவருக்குச் சிலைகள் பல உண்டு. அந்தச் சிலைகளின் பக்கத்தில் அவள் இல்லை.

மரவேர் தோண்டிய முதியவர்

சகுராமச்சியில் அவர் விடியுமுன் எழுந்து கிராமங்களைச் சுற்றி வருவார். ஆறடி உயரம் கொண்ட அவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். யாருடைய கூரை ஒழுகுகிறது, யாருடைய வயலில் களை மிகுந்திருக்கிறது, யாருடைய வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நன்றாக உழைப்பவர் யார் என்பதைத் தானே முடிவுசெய்யாமல் ஊராரின் வாக்கைக் கேட்டார். தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு மண்வெட்டியும் அரிவாளும் பரிசளித்தார். வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு வீடும் நிலமும் ஒழுங்கு செய்தார்.

புதர்க்காட்டை வயலாக்கும் வேலையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இது. ஒரு கூலியாள் அதிகாரி வரும்போதெல்லாம் வியர்வை சொட்டச் சொட்ட வேலை செய்வான். எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். கின்ஜிரோ அவனைக் கண்டித்தார். நாள் முழுவதும் அந்த வேகத்தில் எந்த மனிதனாலும் உழைக்க முடியாது, ஆகவே அது கண்ணுக்கு முன்னால் மட்டும் செய்யும் வேலை என்பதை அவர் அறிந்திருந்தார். அதே இடத்தில் ஒரு முதியவர் யாரும் விரும்பாத மரவேர்களை மெல்ல மெல்லத் தோண்டிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில்கூட அவர் எழுந்திருப்பதில்லை. ஆனாலும் அவர் திருத்திய நிலம் குறைவாகவே தெரியும். வேலை முடிந்தபோது அந்த முதியவருக்கே பெரும் பரிசு கொடுத்தார் கின்ஜிரோ. முதியவர் பயந்துபோய் அதை வாங்க மறுத்தாராம். வேர் கிடந்தால் மற்றவர்களின் மண்வெட்டி முறியும். அவர் தோண்டியதால்தான் மற்றவர்களின் வேலை விரைவாக முடிந்தது என்று கின்ஜிரோ விளக்கியபின் கண்ணீரோடு வாங்கிக்கொண்டாராம்.

எல்லோரும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. உழவன் ஒருவன் கட்டளையிடுவதைப் பொறுக்காத அதிகாரி ஒருவர் அவர் செய்ததையெல்லாம் குலைத்தார். நிலக் கணக்கு வெளிப்படுவதை விரும்பாத சில ஊரவர் மேலிடத்துக்கு முறைப்பாடு அனுப்பினர். ஆறு ஆண்டுகள் பொறுத்தபின், 1829இல் அவர் யாரிடமும் சொல்லாமல் காணாமற் போனார். நரிட்டா என்ற ஊரின் ஆலயத்தில் இருபத்தொரு நாள் உணவின்றி இருந்தார். அந்த நாட்களில் அவர் கண்டுகொண்டது இதுதான்: தன்னை எதிர்ப்பவரைத் தீயவர் என்று பிரித்துவைத்தது தன்னுடைய தவறு. அவர்களுக்கும் ஒரு பயமும் ஒரு காரணமும் இருக்கிறது. அவர் இல்லாத நாட்களில் மக்களும் அவருடைய அருமையை உணர்ந்து தேடிவந்து அழைத்துப் போனார்கள். அதன் பின் வேலை தடையின்றி நடந்தது.

கத்தரிக்காயின் சுவை

1833ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் உணவில் வந்த கத்தரிக்காயைச் சுவைத்தவர் திடுக்கிட்டார். கோடைக் காயில் மழைக்காலம் தாண்டிய, இலையுதிர் காலத்துக் காயின் சுவை இருந்தது. வெளியே போய்ச் செடிகளின் வேரையும் இலை நுனியையும் பார்த்தார். இந்த ஆண்டு கோடை குளிராகவே கழியும், நெல் முற்றாது என்று கணித்தார். உடனே ஒவ்வொரு குடும்பமும் ஏறத்தாழ கால் ஏக்கர் மேட்டு நிலத்தில் குதிரைவாலி விதைக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தார். குளிரைத் தாங்கும் சிறுதானியம் அது; பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். அந்த நிலத்துக்கு வரியும் விலக்கினார். ஒரு கத்தரிக்காயை வைத்து இவ்வளவு ஆரவாரமா என்று சிரித்தவர்களும் இருந்தார்கள்.

அந்தக் கோடை குளிராகவே போனது. வடக்கு யப்பானில் தொடங்கிய டென்போ பஞ்சம் சில ஆண்டுகள் நீடித்தது. 1836இல் அது மிகக் கொடியதாயிற்று. பல இடங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். சகுராமச்சியில் சிறுதானியக் களஞ்சியங்கள் நிறைந்திருந்தன. அங்கே பட்டினிச் சாவு இல்லை. அயல் கிராமங்களுக்கும் உதவி போனது.

1837இல் அவருடைய சொந்த ஊரான ஒடவாராவிலும் மக்கள் பட்டினியில் வாடினார்கள். நோயுற்றிருந்த பிரபு டடசானே, களஞ்சியத்தைத் திறந்து மக்களைக் காக்கும்படி அவரை அனுப்பினார். கோட்டை அதிகாரிகளோ எழுத்திலான கட்டளை இல்லாமல் திறக்க முடியாது என்று விவாதித்தார்கள். பகலானதும் உணவுக்கு எழுந்தார்கள். முடிவு எடுக்கும்வரை இங்கிருக்கும் எவரும் உண்ணக்கூடாது, பட்டினி கிடப்பவரின் விடயத்தைப் பட்டினியோடே பேசுவோம் என்று கின்ஜிரோ மறித்தார். களஞ்சியம் திறந்தது. அவருடைய மாணவர் எழுதிய நூலின்படி 40,000க்கு மேற்பட்டோர் அந்தப் பஞ்சத்தில் காப்பாற்றப்பட்டனர்.

ஆனால் அதே ஆண்டு டடசானே காலமானார். பஞ்சம் தீர்ந்ததும் ஒடவாரா அதிகாரிகளுக்கு அவருடைய வரம்பு கசந்தது. உழவர்களின் உழைப்பு அவர்களுக்கு வேண்டும். தங்கள் வரவுக்கு எல்லை வைப்பது மட்டும் வேண்டாம். 1846இல் அவருடைய திட்டத்தையே கைவிட்டு, தங்கள் மக்கள் அவரோடு தொடர்பு வைக்கக்கூடாது என்றும் தடுத்தார்கள். தான் பிறந்த மண்ணே தன்னை விலக்கியது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும்! அதேவேளை இன்றைய புகுஷிமா மாகாணத்திலுள்ள சோமா பகுதியின் பிரபு வரம்பை மனமுவந்து ஏற்றார். 1845 முதல் அங்கே கிராமங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரே முறை, ஒரே மனிதர். மேலே இருந்தவர் வரம்பை ஏற்றாரா இல்லையா என்பதே இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு.

இறுதி ஆண்டுகள்

1842இல் ஷோகனின் அரசே அவரைப் பணியில் அமர்த்தியது. சொன்டோகு என்ற பெயர் அவருக்கு இதன் பின்னரே வந்தது. நிக்கோ பகுதியின் 89 கிராமங்களை மீட்கும் திட்டத்தை எழுதினார். எழுதுவதிலும் படியெடுப்பதிலும் மாணவர்களும் பிள்ளைகளும் உதவினார்கள். மகள் ஃபுமி எழுத்திலும் சித்திரத்திலும் தேர்ந்தவள். 1852இல் அவள் தந்தையின் முதன்மை மாணவரான டொமிட்டா டகயோஷியை மணந்தாள். மறு ஆண்டே பிரசவத்தில் இறந்துபோனாள். அதே 1853இல்தான் நிக்கோ வேலையைத் தொடங்க அனுமதி கிடைத்தது. மகளைப் பறிகொடுத்த, உடல் தளர்ந்த அந்த முதியவர் மீண்டும் கிராமம் கிராமமாக நடந்தார்.

தன் மாணவர்களுக்கு அவர் கைக்கெட்டிய பொருட்களைக் கொண்டே விளக்குவார். தொட்டித் தண்ணீரை உன் பக்கமாக இழுத்துப் பார், அது ஓரத்தில் மோதி அப்பால் ஓடும். எதிரே இருப்பவர் பக்கமாகத் தள்ளிப் பார், அது சுற்றி உன்னிடமே வரும் என்பார். நீர்ச்சில்லு பாதி நீரோடு இணங்கியும் பாதி நீரை எதிர்த்தும் சுழல்வதால்தான் வேலை நடக்கிறது. மனிதனும் இயற்கையோடு அப்படித்தான் வாழவேண்டும் என்பார். வயலில் நின்றே கற்றவர், வயலில் நிற்பவருக்கு விளங்கும்படி சொன்னார்.

1856ஆம் ஆண்டு, நிக்கோவுக்கு அருகிலுள்ள இமாய்ச்சியில் அவர் காலமானார். தொடங்கிய வேலையை மகன் யட்டாரோ மேலே கொண்டு நடத்தினார். மருமகன் டொமிட்டா அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அவர் வழியைப் பின்பற்றிய உழவர் சங்கங்கள் நாடெங்கும் தோன்றின.

பின்னர் வந்த அரசு 1904 முதல் தன் பாடநூல்களில் விறகு சுமந்த சிறுவனைச் சேர்த்தது. உழைத்தல், கீழ்ப்படிதல், படித்தல் ஆகியவற்றுக்கு அவன் அடையாளமானான். பிரபுவுக்கு வரம்பு கட்டிய பெரியவரை அந்தப் பாடங்கள் அவ்வளவாகக் காட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தேவைக்காக வெண்கலச் சிறுவர்களை உருக்கினார்கள். போர் முடிந்து 1946இல் வெளிவந்த ஒரு யென் தாளில் முதியவரான சொன்டோகுவின் முகம் அச்சிடப்பட்டது. சிறிய மதிப்புள்ள ஒரு தாளில் அவர் முகம் இருந்தது பொருத்தமென்றே நினைக்கிறேன்.

நான் வயல் சூழ்ந்த ஊரில் பிறந்தவள். விதைப்புக்கு முன் வாப்பா வரம்பு கட்டுவதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். சேற்றை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காலால் மிதித்து அவர் இறுக்குவார். எங்கள் பக்க வரம்பு உடைந்தால் அடுத்த வயற்காரருக்கும் நட்டம் என்று அடிக்கடி நினைவூட்டுவார். சொன்டோகுவின் வாழ்க்கையை வாசித்த பிறகு அந்த வேலை எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது.

அண்மையில் அந்தச் சிறுவர் நூலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். படமும் அதன் கீழிருந்த பாடமும் மாறவில்லை. ஆனால் அந்த விறகு யாருடைய அடுப்புக்கு என்பது இப்போது எனக்குத் தெரியும். திருப்பி அழைத்துவரப்பட்ட ஒரு குழந்தைத் தம்பிக்குச் சோறு சமைக்க அது போகிறது. அதனால் அந்தச் சிறுவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு